வானநூல் பயில்வோம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கீற்றுக் கொட்டகையில், ஒரு கரும்பலகையும் ஓர் அரிக்கேன் விளக்கும் கொண்டு தொடங்கிய நம் கல்விக் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இவ்விழாவில் சட்டம் பற்றிப் பேச அறிஞர் வந்துள்ளனர். வேலைவாய்ப்புப் பற்றிப் பேச அலுவலர் வந்துள்ளனர். தொடக்க நாள் முதல் மாலை வகுப்பு நடத்திவரும் எங்களுக்கோ விழாக் குழுவினர் அளித்துள்ள தலைப்பு வானநூல். இதைக் கேட்டுச் சிலர் முறுவலிக்கக்கூடும். "அடுப்பில் உலை கொதிக்க வழி சொல்லாமல் ஆகாயத்தைக் காட்டுகிறார்களே" என்று கேட்கவும் கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

திருப்பாலைக்குடிக் கடற்கரையில் பிறந்த எங்களுக்கு வானத்தை முதலில் காட்டியவர்கள் எங்கள் தாய்மார்களே. கடிகாரம் இல்லாத வீடுகளில் விடிவெள்ளியே கடிகாரம். அது கிழக்கே கடலுக்கு மேல் எழுந்ததைக் கண்டுதான் அவர்கள் அடுப்பு மூட்டினார்கள்; கஞ்சிக் கலயத்தோடு உப்பளத்திற்கும், கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் காட்டிற்கும் நடந்தார்கள். ஆனால் சில மாதங்கள் கழிந்ததும் அந்த வெள்ளி காணாமற் போகும். "அம்மா, விடிவெள்ளி எங்கே போயிற்று?" என்று கேட்போம். "போன வெள்ளி வரும், போய்ப் படு" என்பதே விடை. அதற்குமேல் கூற அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

அவ்வினாவிற்கு விடை கிடைக்க எங்களுக்குப் பல்லாண்டுகள் ஆயின. வெள்ளி என்பது விண்மீன் அன்று; நம் புவியைப் போலவே கதிரவனைச் சுற்றிவரும் ஒரு கோள். புவி ஒரு சுற்றுக்கு 365 நாள் எடுத்துக்கொள்கிறது. வெள்ளி 225 நாளில் சுற்றிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 584 நாள்களுக்கு ஒரு முறை அது நம்மை முந்திச் செல்கிறது. சில மாதங்கள் விடியலில் கிழக்கே தோன்றும். பின் கதிரவன் ஒளியில் மறையும். அதன்பின் மாலையில் மேற்கே தோன்றும். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே. இவ்வளவு எளிய செய்தி, அதை நாள்தோறும் கண்டு உழைத்த மக்களுக்கு ஏன் மறைந்திருந்தது? வானம் யாவர்க்கும் பொது. ஆனால் வானத்தை அளக்கும் கோல் யாவர்க்கும் பொதுவாக இருந்ததில்லை. இந்த ஒன்றைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மனிதன் நிலவில் கால் வைத்தான். அச்செய்தியை எங்களுள் மூத்தவர்கள், பக்கத்து ஊரொன்றின் பொது வானொலியில், மதிலுக்கு வெளியே நின்று கேட்டனர். உள்ளே சென்று அமர எங்களுக்கு அன்று இடமில்லை. நிலவுக்குச் செல்ல வழி கண்ட மனிதன், நாற்பதடி நடந்து உள்ளே செல்ல எங்களுக்கு வழி காணவில்லை.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் பெரும் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கருநாடகம், ஆந்திரம் வழியாக முழு மறைப்பும், நம் பகுதியில் பகுதி மறைப்பும் காணப்பட்டன. எங்களுள் இளையவர்கள் அப்போது மாணவர்கள். புகைபிடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை மாணவர்கள் கைமாற்றி கைமாற்றிப் பார்த்தனர். எங்கள் கைக்கு அது வரவேயில்லை. எந்த இடம், எவர் செய்தது என்பன இன்று வேண்டா. புகைபிடித்த கண்ணாடியால் கதிரவனைப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பதை இன்று யாவரும் அறிவோம். அந்த வகையில் எங்கள் கண்கள் தப்பின என்றும் சொல்லலாம். ஆனால் தப்பிய கண்களினும் தவித்த நெஞ்சே எங்களுக்கு நினைவிருக்கிறது. வானநூலின்மீது எங்களுக்குத் தீராத வேட்கை பிறந்தது அன்றுதான்.

இந்த வேட்கைக்கு வழிகாட்டியாக நாங்கள் கண்ட பெருமகனார் ஒருவரைப் பற்றி இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவர் பெயர் மேகநாத சாகா. 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் டாக்காவுக்கு அருகில் சியோரதளி என்னும் சிற்றூரில், ஒரு சில்லறைக் கடைக்காரரின் எட்டு மக்களுள் ஐந்தாமவராகப் பிறந்தார். சாகா என்பது அவர் குலத்தின் பெயர். மேற்குலத்தார் எனப்பட்டோர் உடனிருந்து உண்ண மறுத்த குலங்களுள் அதுவும் ஒன்று. நாம் பட்ட துன்பத்தின் முழு அளவை அவர் பட்டார் என்று கூற மாட்டோம். ஆயினும் அந்த வாசற்படியை அவரும் அறிந்திருந்தார்.

ஊரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் இல்லை. அடுத்த பள்ளி ஐந்தாறு கல் தொலைவில் இருந்தது. அங்கே மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பராமரிக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். சிறுவன் மாடு மேய்த்துக்கொண்டே படித்தான். உதவித்தொகை பெற்று டாக்கா நகரப் பள்ளியில் சேர்ந்தான். 1905-இல் வங்கப் பிரிவினைக் கிளர்ச்சியின்போது, ஆளுநர் வருகைக்கு வெறுங்காலோடு வந்து அவமதித்தார்கள் என்று சில மாணவர்கள் நீக்கப்பட்டனர். அவர்களுள் சாகாவும் ஒருவர். உதவித்தொகையும் போயிற்று. அவரை ஏற்றுக்கொண்ட மற்றொரு பள்ளியின் பெயர் கிஷோரிலால் ஜூபிலிப் பள்ளி. ஜூபிலி என்பதும் விழாவைக் குறிக்கும் சொல்லே. விழாவின் பெயரால் எழுந்த ஒரு பள்ளி ஒரு விஞ்ஞானியைக் காத்தது என்பதை நம் வெள்ளி விழாக் குழுவினர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

1911-இல் அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ரேயும் ஆசிரியர்களாக வாய்த்தனர். ஆனால் தங்கியிருந்த விடுதியில் உடன் மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் அமர மறுத்தனர். தனியே உண்டார். பந்தியில் ஒதுக்கிவைத்தவர்கள் தேர்வில் ஒதுக்கிவைக்க முடியவில்லை. 1913-இல் பி.எஸ்ஸி., 1915-இல் எம்.எஸ்ஸி. ஆகிய இரண்டிலும் சத்தியேந்திரநாத போசுக்கு அடுத்த இடம் அவருக்கே. படித்து முடித்தும் வறுமை விடவில்லை. மிதிவண்டியில் நகரெங்கும் சென்று வீடுவீடாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வாழ்ந்தார். 1913-ஆம் ஆண்டிலேதான் அண்ணல் அம்பேத்கரும் கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற்குக் கப்பலேறினார் என்பதையும், இவ்விரு பெரியாரும் மறைந்தது 1956-ஆம் ஆண்டிலேயே என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் சமுதாயத்தின் ஏட்டைப் படித்தார். மற்றவர் விண்மீன்களின் ஏட்டைப் படித்தார்.

அவர் கண்டதுதான் என்ன? நம் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குவோம். உப்பிட்ட கஞ்சி பொங்கி நெருப்பில் வழியும்போது சுடர் மஞ்சளாக எரிவதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. கதிரவன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே விரித்தால், வண்ணப் பட்டையின் நடுவே கருங்கோடுகள் பல தெரியும். அவற்றுள் சோடியத்தின் கோடுகளும் உள்ளன. நம் உப்பளத்துப் பொருள் கதிரவனிலும் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. சில தனிமங்களின் கோடுகள் சில விண்மீன்களில் தெரிகின்றன, சிலவற்றில் தெரிவதில்லை. ஏன்? பொருள் அங்கு இல்லையா? சாகா 1920-இல் விடை தந்தார். வெப்பம் மிகுந்து அழுத்தம் குறையும்போது அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. இழந்தபின் அவை தரும் கோடுகள் வேறாகின்றன. எவ்வளவு வெப்பத்தில் எத்தனை அணுக்கள் இவ்வாறு மாறும் என்பதை ஒரே சமன்பாட்டில் கணித்துக் காட்டினார். கதிரவனில் காணப்படாத ரூபிடியம், சற்றே குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தென்படும் என்றார்; அமெரிக்க வானநூலார் ரசல் ஆராய்ந்தபோது அவ்வாறே தென்பட்டது. அன்று முதல் ஒரு விண்மீனின் ஒளியைக் கொண்டு அதன் வெப்பத்தைச் சொல்ல முடிந்தது. 1925-இல் சிசிலியா பெயின் என்னும் இளம்பெண் சாகாவின் சமன்பாட்டைக் கொண்டுதான் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டார். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் தந்த கணக்கில்லாமல் இன்று எந்த நாட்டவரும் விண்மீனைப் பற்றிப் பேச இயலாது.

நிற்க. சாகா வானத்தோடு நின்றுவிடவில்லை. 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை ஏற்றார். தை முதல் நாளே கதிரவன் வடக்கே திரும்பும் நாள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். உண்மையில் அது திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. இருபத்து மூன்று நாள் வேறுபாடு! புவியின் அச்சு பம்பரம் போல் மெல்லத் தலைசுற்றுவதைப் பழைய கணக்கு கொள்ளாமையால், பல நூற்றாண்டுகளில் சேர்ந்த பிழை இது. இதற்குப் பெரிய கருவி வேண்டா. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நாள்தோறும் உச்சி வேளை நிழலின் நீளத்தைக் குறித்து வைத்தால், அது மிக நீளும் நாள் எது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நாட்டின் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைக் காணச் சாகா இல்லை. 1956 பிப்ரவரி 16-இல் மறைந்துவிட்டார்.

நமக்குத் தெற்கே தேவிபட்டினத்துக் கடலில் ஒன்பது கற்கள் நிற்பதை அனைவரும் அறிவீர்கள். வழிபடுவோர் மனத்தைப் புண்படுத்துவது எங்கள் நோக்கமன்று. ஆனால் வானநூல் கூறுவதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவ்வொன்பதில் ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் புவியின் துணைக்கோள். ஐந்து, கண்ணுக்குத் தெரியும் கோள்கள். இராகு, கேது என்பன பொருள்களே அல்ல. நிலவின் பாதையும் கதிரவனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். கிரகணம் நிழலால் நிகழ்வது என்று ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே எழுதிவிட்டார். அவ்வறிவு சேரிக்கு வந்து சேராமல், அச்சம் மட்டும் வந்து சேர்ந்தது எப்படி என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, வளைய சூரிய கிரகணம் நம் கரையைக் கடந்தது. தனுஷ்கோடிக்கு அறிவியலார் கருவிகளோடு திரண்டு வந்திருந்தனர். நம் தெருவிலோ கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. நாங்கள் பிள்ளைகளைக் கழகக் கொட்டகைக்கு அழைத்துவந்து அமர்த்தினோம். பகல் ஒரு மணி கடந்து, ஒளி மங்கி, காற்றும் குளிர்ந்தது. அப்போது ஒரு சிறுமி தரையைக் காட்டிக் கூவினாள். கீற்றுக் கூரையின் ஓட்டைகள் வழியே மணலில் விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் வளையமாக மாறியிருந்தன! நூறு, இருநூறு வளையங்கள்! எந்தக் கூரை ஓட்டைகளுக்காக நாங்கள் வெட்கப்பட்டோமோ, அந்த ஓட்டைகளே அன்று வானத்தைப் படம்பிடித்துக் காட்டின. சற்று நேரத்தில் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பாட்டிமார்கூட வந்து மணலைப் பார்த்து நின்றனர்.

அந்தச் சிறுமியைப் பற்றி மகிழ்ச்சியான முடிவைச் சொல்ல ஆசைதான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். கணிதம் எடுக்க விரும்பினாள். மாலையில் கணிதம் சொல்லித்தர எங்களால் இயலவில்லை. எங்கள் கணிதம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். வெளியூர்த் தனிப்பயிற்சிக்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை, இருட்டியபின் திரும்பத் துணையும் இல்லை. இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குச் சென்றாள். அவளிடம் ஆர்வம் குறைந்ததா? இல்லை. அறிவு குறைந்ததா? இல்லை. குறைந்தது வாரத்திற்கு மூன்று நாள் கணித வகுப்பு. இப்பழி வேறு எவருடையதுமன்று, எங்களுடையது.

கணிதம் கைக்கு வந்தால் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்து இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அவர்களை ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஓர் ஆசிரியர் பின்வரிசைக்கு அனுப்பினார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். அதே ஊரில் மற்றோர் ஆசிரியர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். பின்வரிசையிலிருந்து எழுந்த அம்மாணவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 1979 ஆகஸ்டில் கடலில் வீழ்ந்தும், 1980 ஜூலை 18-இல் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். பட்டயப் படிப்பிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர். கதிரவனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தை இயக்கிய நிகார் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த உழவர் மகள். 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அக்கருவி ஆராயும் கதிரவனின் வளிமண்டலத்தைத்தான், நூறாண்டுக்கு முன்னர் சாகா காகிதத்தில் கணித்தார்.

இவையெல்லாம் பெருமைக் கதைகள். ஆனால் இதில் நம் வாழ்வைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1963-இல் திருவனந்தபுரத்தையடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரில் முதல் ஏவூர்தி பறந்தது. அவ்வூர் மக்கள் தம் குடியிருப்பையும் தேவாலயத்தையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுத்தனர். இன்று நம் கிழக்குக் கரையிலேயே, தெற்கே குலசேகரப்பட்டினத்தில், புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்த்து வளைந்து செல்ல வேண்டும். அதற்கு எரிபொருள் வீணாகும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே செல்லலாம். அங்கே பொறியாளரும் வேண்டும், ஐ.டி.ஐ. படித்த தொழிலாளரும் வேண்டும். நம் பிள்ளைகள் அங்கு எந்த வாயில் வழியே நுழையப் போகிறார்கள்? வாயிலைக் காப்பவர்களாகவா, கூட்டுபவர்களாகவா, கணிப்பவர்களாகவா? எந்த உழைப்பும் இழிவன்று. ஆனால் ஒரு சமுதாயத்திற்கு ஒரே வேலையை மட்டும் ஒதுக்கிவைப்பது இழிவு. வானநூல் உலை கொதிக்க உதவுமா என்று கேட்டோர்க்கு எங்கள் விடை இதுவே.

ஆதலின் கழகத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள் வைக்கிறோம். வெள்ளி விழா நிதியில் ஊர் நுழைவில் ஒரு தோரண வாயில் கட்டலாம் என்று அன்பர் சிலர் கருதுகின்றனர். அவர்தம் பற்றை மதிக்கிறோம், கருத்தை மறுக்கிறோம். முதலாவது, அந்நிதியைக் கொண்டு மேனிலை வகுப்பு மாணவர்க்குக் கணிதமும் இயற்பியலும் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தக்க ஊதியத்தில் அமர்த்துக. இரண்டாவது, மாலை வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகள் பாதுகாப்பாக வீடு திரும்ப ஏற்பாடு செய்க. மூன்றாவது, மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி வாங்குக. 1610-இல் கலீலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் சனியின் வளையத்தையும் அதில் காணலாம். ஊரிலுள்ள எவரும், எத்தெருவினரும் வந்து பார்க்கட்டும். நமக்கு வராத கண்ணாடித் துண்டை நாம் எல்லோர்க்கும் கைமாற்றுவோம். அதுவே நம் விடையாக இருக்கட்டும்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தொலைநோக்கி வரும்வரை காத்திராதீர்கள். இன்றிரவு கடற்கரைக்குச் சென்று, கடல் வலப்புறம் இருக்க வடக்கு நோக்கி நில்லுங்கள். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடியுங்கள். நீட்டிய கையின் முட்டி அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் மங்கலாகத் துருவ மீன் நிற்கும். அவ்வுயரமே நம் ஊரின் அகலாங்கு; திருப்பாலைக்குடி நிலநடுக்கோட்டிற்கு ஒன்பதரைப் பாகை வடக்கே உள்ளது. உங்கள் வெறுங்கையால் இப்பேருலகில் உங்கள் இடத்தை அளந்துவிட்டீர்கள்! அதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாளும் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள், 2019-இல் இஸ்ரோ தொடங்கிய யுவிகா பயிற்சியைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். கணிதம் கடினம் என்று எவரேனும் சொன்னால், மாடு மேய்த்துக்கொண்டே கணிதம் கற்ற சாகாவை நினையுங்கள்.

விடிவெள்ளி எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டபோது எங்கள் தாய்மார்களிடம் விடை இல்லை. உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது உங்களிடம் விடை இருக்க வேண்டும். அதற்காகவே இக்கழகம் பிறந்தது. அதற்காகவே இது பொன்விழாக் காணவும் வாழ வேண்டும்.

 கழகம் வாழ்க! கல்வி வெல்க!